மாதிரிப் படம் இல்லாத ஓவிய வகுப்பு

திருவரங்குளம் ஒன்றியத்தில் எந்தத் தொடக்கப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய், நான்காம் வகுப்பில் ‘ஓர் இயற்கைக் காட்சி வரையுங்கள்’ என்று சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலான தாள்களில் ஒரே படம் வரும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி அப்படியொரு மலை கிடையாது. செம்மண் பூமி, செம்பூரான்கல் மேடு, முந்திரிக் கொல்லை, தைலமரக் காடு, பனை, கண்மாய் ஆகியவைதான் இங்கே கண்ணில் படுகிறவை. மாவட்டத்தில் இருக்கிற குன்றுகளும் மொட்டைப் பாறைகள். கூர்நுனி முக்கோணங்களாக எதுவும் நிற்பதில்லை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறும் இல்லை. ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளை தான் பார்த்தேயிராத மலையைத் தயங்காமல் போடுகிறது. தினமும் பார்க்கிற கண்மாயைப் போடச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிற பிரச்சினை இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. கரும்பலகையில் ஆசிரியர் போட்டது, ஓவியப் பயிற்சிப் புத்தகத்தில் அச்சானது, அக்காளின் நோட்டில் இருந்தது, போன வருஷம் போட்டியில் பரிசு வாங்கியது. பள்ளிக்கூடமே தயாரித்து, பள்ளிக்கூடமே மதிப்பெண் போடுகிற படம் அது. தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பில் ஆசிரியர் எதைக் கொடுத்தாலும் முடிந்த படத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் முடிவு. முறையைக் கொடுக்கலாம், பொருளைக் கொடுக்கலாம், பார்க்கத் தூண்டும் கேள்வியைக் கொடுக்கலாம், நேரம் கொடுத்தே ஆக வேண்டும். ஓவிய ஆசிரியர்களுக்கு இதை ஒப்புக்கொள்வது சுலபமில்லை. நாங்கள் பெரும்பாலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதித் தேறி வந்தவர்கள். எதிரே வைத்த பெட்டியையும் கூஜாவையும் அளவு பிசகாமல் தாளுக்குக் கொண்டுவருவதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். வளர்ந்தவருக்கு அது நல்ல பயிற்சி. கண்ணையும் கையையும் ஒன்றாகப் பழக்குகிறது. அதையே சுருக்கி ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் பயிற்சியாகாமல் போவதற்குக் காரணம், அந்த வயதில் பிள்ளை வரைகிற விதமே வேறாக இருப்பது.

மாதிரி எதுவும் காட்டாமல் கண்மாயை வரையச் சொன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதலில் பெரிதாக ஒரு வட்டம் போடும். மேலிருந்து பார்த்தால் தெரிகிற கண்மாய் அது. பிறகு கரை நெடுக மரங்களை நடும். மேல்கரை மரங்கள் நிமிர்ந்து நிற்கும், கீழ்க்கரை மரங்கள் தலைகீழாகத் தொங்கும், இரண்டு பக்கத்து மரங்களும் படுத்துக் கிடக்கும். தண்ணீருக்குள் மீன் முழுசாகத் தெரியும். குளிக்கிறவரின் காலும் தெரியும். வீட்டைப் போட்டால் சுவரைத் தாண்டி அடுப்பும் அம்மாவும் தெரிவார்கள், அம்மா வாசற்கதவைவிட உயரமாக இருப்பாள். பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் சொன்னார்: குழந்தை தன் கண்ணுக்கு அந்த நேரத்தில் தெரிவதை விட்டுவிட்டு, அந்தப் பொருளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கரையிலிருந்து மரம் மேலே எழும்புகிறது என்று அதற்குத் தெரியும். அந்த உண்மையை நாலு கரைக்கும் பொதுவாகச் சொல்ல அது கண்டுபிடித்த வழிதான் இந்த மடக்கிப் போடுதல். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூலில் இதைப் பருவங்களாக வகுத்தார். இரண்டு வயதிலிருந்து கிறுக்கல். நான்கு முதல் ஏழு வரை உருவத்தைத் தேடுதல். ஏழு முதல் ஒன்பது வரை வீடு, மரம், ஆள் எல்லாவற்றுக்கும் தனக்கென ஒரு வடிவத்தை நிலைப்படுத்திக்கொள்ளுதல். ஒன்பதுக்கு மேல், உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்ற ஏக்கம். பள்ளிக்கு வரும்வரை பென்சிலே பிடிக்காத பிள்ளைக்கு இந்த வயதுக் கணக்கு கொஞ்சம் தள்ளிப் போகும். ஆனால் வரிசை மாறி நான் கண்டதில்லை.

படுத்துக் கிடக்கும் மரங்களைத் தப்பு என்று சொல்கிறவர்கள் நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலை நினைத்துப் பார்க்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் திருப்பணியைக் கல்வெட்டு சொல்கிற அந்தச் சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. அதில் அடிவானம் கிடையாது. தூரத்தில் இருப்பது சிறுத்துப் போவதும் கிடையாது. இலையும் மொட்டும் விரிந்த பூவும் பரப்பு முழுக்க நிறைந்திருக்க, நடுநடுவே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிற மனிதர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். குளம் மொத்தமும் தெரிய வேண்டும், அதிலிருக்கும் ஒவ்வொன்றும் அதனதன் சிறப்பான பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று அந்த ஓவியர் தீர்மானித்திருக்கிறார். கோயில் சிற்பங்களில் தெய்வம் பெரிதாகவும் வணங்குகிறவர் சிறிதாகவும் இருப்பதற்கும், பிள்ளையின் படத்தில் அம்மா கதவைவிட உயரமாக இருப்பதற்கும் நியாயம் ஒன்றுதான்: முக்கியமானது பெரிதாக வரும். பிள்ளையின் படமும் அந்தப் பேராசான்களின் படமும் ஒரே தரம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பல வழிகள் தெரிந்து ஒன்றைத் தேர்ந்தவர்கள்; பிள்ளைக்கு வேறு வழி இன்னும் தெரியாது. ஆனால் அடிவானக் கோடு கிழித்து, தூரத்து மரத்தைச் சின்னதாக்குவது ஒன்றே சரி என்று நினைப்பது தவறு. அது 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உறுதிப்பட்ட முறை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கியதைப் போன்ற கலைப் பள்ளிகளின் பாடத்திட்டம் வழியாக நமக்கு வந்து, ஓவியத் தேர்வுக்குள் புகுந்து, கடைசியில் இரண்டாம் வகுப்புக் கரும்பலகைவரை இறங்கியிருக்கிறது. நல்ல முறைதான், ஏழு வயதுக்குப் பொருந்தாது. சிவப்பு மையால் அந்த மரங்களை அடித்து நிமிர்த்திப் போட்டால், அடுத்த முறை பிள்ளை கண்மாயைத் தொடாது. அடிபடாத இரண்டு மலைக்குப் போய்விடும்.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை தலைகீழாகிறது. ஒன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் ‘எனக்கு வரைய வராது’ என்று சொல்வதில்லை. நான்காம் வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பார்க்கும் கண் வளர்ந்துவிட்டது, கை அதே இடத்தில் நிற்கிறது. தான் போட்ட மாடு மாடு மாதிரி இல்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரிகிறது. அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொள்ளக் கிடைக்கிற போர்வையாகத்தான் மாதிரிப் படம் உதவுகிறது. இரண்டு மலையைப் போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்த வயதில் ‘உன் இஷ்டம்போலப் போடு’ என்பது பிள்ளையைக் கைவிடுவதற்குச் சமம். அதற்கு இப்போது உண்மையான உதவி வேண்டும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும் என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சில வாரம் வேலை செய்யலாம்: இரண்டு தண்ணீர்க் குடம், மூன்று செருப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் பிள்ளைகள். ஒரு வேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுத்து, இலையை விட்டுவிட்டு இலைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் வரையச் சொல்லலாம். ‘இலை என்றால் இப்படித்தான்’ என்று மனத்தில் பதிந்திருக்கிற வடிவம் அங்கே உதவாது என்பதால் கண் வேலை செய்தே தீர வேண்டும். கோடு மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலிவது எப்படி என்று ஒரு கரித்துண்டை வைத்துக் காட்டலாம். இவை எல்லாமே கற்பித்தல்தான். எதிலும் முடிந்த படம் இல்லை.

இத்தனை முக்கியமான இந்த வயதில்தான் நம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணையில், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்துக்கு அப்படி ஒரு வரி இல்லை. அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் போனால் கூடுதல் என்ற கணக்கு மட்டும்தான். அந்தச் சட்டத்தின் வழியாக 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஓவிய ஆசிரியர்கள் வகுப்பெடுத்தது ஆறாம் வகுப்பிலிருந்துதான். ‘எனக்கு வராது’ என்று பிள்ளை முடிவு கட்டி இரண்டு வருஷம் கழித்துத்தான் ஆசிரியரைச் சந்திக்கிறது. அதுவும் பெரிய பள்ளியாக இருந்தால்.

மாதிரிப் படத்துக்கு எதிராக நான் பேசும்போது ஓவியர்களும் கைவினைஞர்களும் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். அதில் கனம் இருக்கிறது. நம் மரபில் கலை முழுக்கப் பார்த்துச் செய்துதானே வந்தது? ஸ்தபதியின் பட்டறையில் பையன் வருஷக்கணக்காக ஆசான் போட்ட கோட்டின் மேலேயே கோடு போடவில்லையா? கோலம் அம்மாவைப் பார்த்துத்தானே வருகிறது? உண்மை. ஆனால் அங்கே கைமாறுவது என்ன என்று கூர்ந்து பார்க்க வேண்டும். புள்ளிக்கோலம் பழகுகிற சிறுமி நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி வைக்கக் கற்கிறாள். புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைக்கக் கற்கிறாள். தொடங்கிய இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்து சேர்க்கக் கற்கிறாள். ஐந்து புள்ளியில் பழகியதை அவளே ஏழுக்கும் பதினொன்றுக்கும் விரிக்கிறாள். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்ட முடிந்ததற்கு அதுதான் காரணம்: கொஞ்சம் விதிகள், அவற்றிலிருந்து தீராத வடிவங்கள். ஸ்தபதி கற்றுக்கொடுப்பதும் தாலமானம் என்ற அளவு முறையை. முகத்தின் நீளம் அலகு, அதை நவதாலம், தசதாலம் என்று பெருக்கி எந்த உருவத்தையும் எழுப்பலாம். மண்குதிரை செய்யும் வேளார் வீட்டில் பிள்ளை பழகுவது மண்ணின் பதத்தை, உமி கலக்கும் அளவை, குதிரையின் கால் உடம்பைத் தாங்குகிற மாதிரி உள்ளே கூடாக வைத்து எழுப்பும் வித்தையை. மூன்றிலும் மரபு ஒரு முறையைக் கொடுத்திருக்கிறது, அந்த முறை புதிதாகப் பிறப்பிக்கிறது. இரண்டு மலைப் படத்திலிருந்து மூன்றாவது மலைகூடப் பிறப்பதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் எப்படியும் பார்த்து வரைவார்கள். அமெரிக்காவில் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில், பெரிய பிள்ளைகளின் படங்களில் இருக்கும் உருவங்களில் பெரும்பகுதி சித்திரக் கதை, தொலைக்காட்சி போன்ற ஏதோவொரு படத்திலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். இங்கேயும் சோட்டா பீமும் சினிமா நாயகர்களும் நோட்டுகளின் கடைசிப் பக்கங்களை நிறைக்கிறார்கள். அதை நான் தடுப்பதில்லை. ஒரு பிள்ளை தன் கதைக்கு வேண்டி பீமை எடுத்துவந்து வம்பன் நாலுரோட்டில் நிறுத்தினால், அந்த உருவம் அதன் கைக்கு வசப்பட்டுவிட்டது. பீம் பஸ் ஏறுவான், மாடு மேய்ப்பான். முப்பது பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒரே பீமைக் கரும்பலகையில் போட்டு, கோட்டுக்கு வெளியே வண்ணம் போகக் கூடாது என்று சொல்வது வேறு காரியம்.

நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஆட்சேபம் வருகிறது: குழந்தை பிறவிக் கலைஞர், விட்டுவிட்டால் தானே மலரும், ஆசிரியர் ஒதுங்கி நின்றால் போதும். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் தொடங்கிய சிறார் கலை வகுப்பு இந்த எண்ணத்தை உலகமெங்கும் பரப்பியது. தான் எதுவும் கற்பிப்பதில்லை என்று சொன்ன அவருடைய மாணவர்களின் படங்களில் ஒரு பொதுச் சாயல் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒதுங்கி நிற்கிற ஆசிரியரும் எதைப் பாராட்டுகிறார், எதைச் சுவரில் மாட்டுகிறார் என்பதன் வழியாகக் கற்பித்துக்கொண்டேதான் இருக்கிறார். கிராமப் பள்ளியில் ‘விட்டுவிடுவது’ என்றால் அந்த வெற்றிடத்தில் இரண்டு மலை வந்து உட்காரும் என்பதே என் அனுபவம். காலியான தாளைக் கொடுத்து ‘என்ன வேண்டுமானாலும்’ என்று சொன்னால் மிக அதிகமாக வருவது அந்தப் படமும் தேசியக் கொடியும் தாமரைப் பூவும்தான்.

வகுப்பாசிரியர்கள் சொல்வது இன்னும் நேரடியானது: ‘எனக்கே வரையத் தெரியாது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?’ தனி ஓவிய ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில் இதுதான் மையமான கேள்வி. என் பதில்: வரையத் தெரியாத ஆசிரியருக்கு இந்த வேலையில் ஒரு சாதகம் உண்டு, அவரால் மாதிரிப் படம் போட முடியாது. அவரிடம் இருப்பது சொல். இங்கிலாந்தில் டட்லி நகரப் பெண்கள் பள்ளியில் 1912 முதல் கற்பித்த மரியன் ரிச்சர்ட்சன், மாணவிகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு காட்சியை வார்த்தையால் விவரிப்பார். அவரவர் மனத்தில் எழுந்ததை அவரவர் வரைவார்கள். 1917இல் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை அந்தப் படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார். ரிச்சர்ட்சன் கற்பித்தது வளர்ந்த பெண்களுக்கு என்றாலும் வழி நமக்குப் பொருந்துகிறது. கதை சொல்லத் தெரியாத தொடக்கப் பள்ளி ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ‘இயற்கைக் காட்சி’, ‘என் கிராமம்’ போன்ற பொதுத் தலைப்புகளை மட்டும் அவர் கைவிட வேண்டும். அவை பிள்ளையைப் பொதுவான படத்துக்கே கொண்டுபோய் விடும். இந்த ஒன்றியத்துக்குள் இருக்கிற குளமங்கலத்து ஐயனார் கோயிலின் முன்னால் முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அதற்குக் காகிதப் பூ மாலைகளாகச் சாத்திச் சாத்திக் குதிரையே தெரியாமல் போகும். ‘குதிரையை வரை’ என்று சொல்வதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: நீ அதன் முன்னங்காலுக்குக் கீழே நிற்கிறாய், நிமிர்ந்து பார்த்தால் முதலில் என்ன தெரிகிறது? உன் தலை அதன் எந்த இடம்வரை வரும்? மேலே நின்று மாலை போடுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு மாதிரிப் படம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஐயனார் கோயிலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு முந்திரி பொறுக்கும் நாள், பூ மூட்டை ஏற்றிக்கொண்டு கீரமங்கலம் போகும் வண்டி, 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களைப் பற்றி வீட்டில் கேட்ட கதை என்று கேள்விகள் இருக்கின்றன.

பொருள் இல்லை, காசு இல்லை என்பது பாதி உண்மை. அரசு விலையில்லாமல் தருகிற கிரையானும் வண்ணப் பென்சிலும் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே வண்ணம். ஆனால் வண்ணப் பென்சில் சின்னக் கைக்குக் கஞ்சமான கருவி. பெரிய பரப்பை நிரப்ப முடியாமல் பிள்ளை சலித்துப்போகும். இந்த மண்ணில் அதைவிடத் தாராளமான வண்ணங்கள் கிடக்கின்றன. செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணலும் கல்லும் அடியில் தங்கியதும் மேலே கலங்கி நிற்பதை மட்டும் வேறு சட்டியில் வடித்து, அது படிந்து காய்ந்தால் மாவு மாதிரி செங்காவி கிடைக்கும். வேலம்பிசினை ஊறவைத்துக் கலந்தால் தாளில் ஒட்டும். கலக்காவிட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். மெல்லிய குச்சிகளை மூடிய டப்பாவுக்குள் அடைத்து அடுப்பில் போட்டால் வரைகரி தயார். சித்தன்னவாசல் வண்ணங்களைச் சோதித்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே கண்டதும் சுண்ணாம்பு வெள்ளை, மரக்கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண் போன்றவைதான். நீலம் மட்டும் தூரத்திலிருந்து வரும் கல்லில் ஆனது. நமக்கும் மண்ணில் நீலம் கிடையாது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் அந்தக் குறையைத் தீர்க்கும். சங்குப்பூச் சாறு அழகான நீலம் தரும், எலுமிச்சை பட்டால் ஊதாவாக மாறும், சீக்கிரம் வெளுத்தும் போகும். மஞ்சள் தூளும் வெயிலில் வெளுக்கும், இலைச்சாறு பழுப்பாகும். இந்த மாற்றங்களைப் பிள்ளைகள் கவனித்துப் பார்ப்பதே பாடம்தான். இரண்டு எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். புதிதாக நீற்றிய சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும். வெள்ளைக்குச் சாக்பீஸ் தூள் போதும். முந்திரிக் காட்டுப் பிள்ளைகள் எதையும் கைவேலைக்கு எடுத்துவருவார்கள், ஆனால் உடைக்காத பச்சை முந்திரிக்கொட்டையை வகுப்பில் சேர்க்கக் கூடாது, அதன் ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். வரையும் பரப்புக்கும் பஞ்சமில்லை. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோது, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகையும், தலைக்கு மேலே அவர்களின் படைப்பைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த இரண்டையும்தான். தரையோடு ஒட்டிய அந்தக் கரும்பலகை பிள்ளையின் சொந்த இடம், தப்பானால் அழித்துக்கொள்ளலாம். பல இடங்களில் இப்போது அதன்மேல் எழுத்தும் எண்ணும் கார்ட்டூன் உருவமும் பெயின்டில் எழுதப்பட்டு நிரந்தரமாகிவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது, பிள்ளைக்கு இடம் போய்விட்டது.

பெற்றோர் கேட்பது, ‘படம் போட்டுக்கிட்டிருந்தா படிப்பு வருமா?’ மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளையின் தாய் இப்படிக் கேட்டால் அதில் தப்பில்லை. ஓவியம் போட்டால் கணக்கு வரும், வாசிப்பு வரும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். அந்த வாக்குறுதியை நான் கொடுப்பதில்லை. ஹார்வர்டின் ப்ராஜெக்ட் ஸீரோவைச் சேர்ந்த எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 1950 முதல் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளில், காட்சிக் கலை கற்பதால் வாசிப்பு உயரும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று கிடைக்கவில்லை. கலைக் கல்வியை நேசிக்கிறவர்களே அதைச் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பொய்யான ஆதாயத்தைக் காட்டி ஓவியத்துக்கு இடம் பிடித்தால், மதிப்பெண் ஏறாத வருஷம் அந்த இடமும் பறிபோகும். நான் சொல்வது இவ்வளவுதான். ஐந்து, ஆறு வயதில் வரைவதும் எழுதுவதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன; குழந்தையின் ஓவியத்தை உளவியலாளர் வைகாட்ஸ்கி எழுத்து மொழியின் முன்வரலாறாகப் பார்த்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படத்தைப் போட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுகிறது. அது சொன்ன வாக்கியத்தை ஆசிரியர் படத்துக்குக் கீழே எழுதிக் காட்டினால், எழுத்து என்பது தன் பேச்சு தாளில் தங்கும் வழி என்று பிள்ளைக்குப் புரிகிறது. இது வாசிப்புக்கு எதிரான நேரம் ஆகாது. அதற்கு மேல், எட்டு வயதுப் பிள்ளை தன் ஊரை உற்றுப் பார்த்து ஒரு பொருளைத் தன் கையால் உண்டாக்குவது கணக்குக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் அதற்குக் கிடைக்க வேண்டிய ஒன்று. விளையாட்டுக்கு நாம் மதிப்பெண் காரணம் தேடுவதில்லை.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் தொடங்கிய அரசின் கலைத் திருவிழா பிறகு தொடக்க வகுப்புகளையும் எட்டியிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது பெரிய விஷயம், அதை வரவேற்கிறேன். ஆனால் அச்சடித்த கோட்டுப் படத்துக்குள் வண்ணம் நிரப்புவது ஓவியப் போட்டியாகக் கூடாது. லோவன்ஃபெல்ட் அரை நூற்றாண்டுக்கு முன்பே வண்ணம் தீட்டும் புத்தகங்களை வன்மையாக எதிர்த்தார். அடுத்தவர் போட்ட கோட்டுக்குள் நிற்கப் பழகிய பிள்ளை தன் கோட்டை நம்புவதில்லை. நடுவர்கள் சுத்தம், பளிச்சென்ற வண்ணம் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் இரண்டு மலையே வெல்லும். அடுத்த வருஷம் எல்லாரும் அதையே பயிற்சி செய்வார்கள். வகுப்புக்குள் மதிப்பிடுவதற்கும் ஒரு படத்தை இன்னொரு பிள்ளையின் படத்தோடு ஒப்பிடத் தேவையில்லை. பின்பக்கம் தேதியும் பிள்ளை அந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியமும் எழுதி அடுக்கி வைத்தால், ஜூன் மாதப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவரும் வளர்ச்சியைப் பார்க்கலாம். பெற்றோர் கூட்டத்தில் இந்த அடுக்கைக் காட்டினால் ‘படிப்பு வருமா’ என்ற கேள்வியும் கொஞ்சம் மாறுகிறது. தங்கள் வீட்டு மாடும் கொல்லையும் அதில் இருப்பதை அவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

இவ்வளவையும் வகுப்பாசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஒன்று முதல் மூன்று வகுப்புவரை அவரும் அவர் கேள்விகளும் போதும். நான்கு, ஐந்து வகுப்புகளுக்குத் தொழில் தெரிந்த ஓவிய ஆசிரியர் வேண்டும், ஏனென்றால் அங்கே பிள்ளை கேட்பது தொழில்நுட்பம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஒருவர் என்பது நடவாத காரியம்; இரண்டு ஆசிரியர் பள்ளிகள் நிறைந்த ஒன்றியம் இது. ஆனால் நடுநிலைப் பள்ளியில் வாரம் மூன்று அரைநாள் மட்டும் வேலை கொடுத்து எடுத்தவர்களின் மற்ற நாட்களுக்கும் சம்பளம் கொடுத்து, அதே குறுவள மையத்துக்குள் இருக்கிற தொடக்கப் பள்ளிகளுக்கு முறைவைத்து அனுப்பலாம். ஆள் இருக்கிறார், வேலையும் இருக்கிறது. நடுவில் தேவைப்படுவது ஓர் ஆணையும் கொஞ்சம் நிதியும்தான். பள்ளிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நாற்பது நிமிடப் பாடவேளையாக இல்லாமல் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் நல்லது. மண்ணைப் பிசைந்து கையைக் கழுவவே நாற்பது நிமிடம் ஆகிவிடும். வகுப்பு முடிந்ததும் வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து, இடைப்பட்ட நாட்களில் பிள்ளைகள் போட்ட படங்களைப் புரட்டி, அடுத்த முறைக்கு என்ன கேள்வி கேட்கலாம் என்று பேசி வைத்துவிட்டு வரலாம். முதல் வருஷத்தை ஜூனிலேயே தொடங்கினால் இன்னொரு வசதியும் உண்டு: ஐப்பசி மழையில் கண்மாய் நிறைவதற்கு முன்னால் களிமண்ணை வெட்டி, காயவைத்து, வருஷம் முழுமைக்கும் சாக்கில் கட்டி வைத்துவிடலாம்.